மாலைக்குரிய சொற்களும் உழைப்பின் பொழுதும்

ஞாயிறு படும் வேளையின் ஒளிமாற்றத்தைக் குறிக்கத் தமிழில் எற்பாடு, மாலை, அந்தி, செக்கர் முதலிய பல சொற்கள் வழங்கிவந்துள்ளன. இவற்றைப் புலவரின் அழகுணர்ச்சிக்குச் சான்றாகக் காட்டி அமைதல் நம் திறனாய்வாளர் பலரின் வழக்கமாகும். எத்தகைய வாழ்க்கையினின்றும் அச்சொற்கள் பொருள் பெற்றன என்ற வினா போதியளவு எழுப்பப்படவில்லை.

இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. செக்கர், வானின் செந்நிறம் பற்றிய பெயர். அந்தி, இரு பொழுதுகளின் கூடுகையைச் சுட்டுவது. ஆதலின் காலைக்கும் உரித்தாயிற்று. எற்பாடு என்பதில் எல் ஞாயிற்றையும் பாடு அதன் வீழ்ச்சியையும் குறிக்கும் என்பர். படுதல் தோன்றுதலையும் குறிக்குமாதலின் அதனைக் காலையின்பாற் படுத்தோரும் உளர்.

இயற்கை நிலையும் நோக்கற்பாலது. வெப்பவலய நாடுகளில் ஞாயிறு ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகின்றது. மறைந்தபின் அது அடிவானத்திற்கு 6 பாகை கீழே செல்ல யாழ்ப்பாணத்தில் அரைமணி நேரமும் ஆவதில்லை. இக்குறுகிய வேளைக்குள் ஆநிரை தொழுவம் சேரவேண்டும், விளக்கு ஏற்றப்படவேண்டும். பொழுதை நுணுகிப் பகுத்தறிதல் இங்கு தொழிலின் தேவையாகின்றது.

தொல்காப்பியம் மாலையை முல்லைக்கும் எற்பாட்டை நெய்தலுக்கும் உரிமையாக்கியது. திணைக்கோட்பாட்டின் பொருளாதார அடிப்படையைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். அந்நோக்கைச் சிறுபொழுதுகளுக்கும் விரித்தல் தகும். மேய்ச்சல் நிலத்தில் மாலை என்பது மந்தை மீளும் வேளை. இருத்தல் என்னும் உரிப்பொருள் அவ்வாழ்விலேயே வேர்கொண்டுள்ளது.

முல்லைப்பாட்டு இதற்குத் தக்க சான்று. 103 அடிகளையுடைய இப்பாட்டில், போர்மேற் சென்ற அரசனை எண்ணி அரசி வருந்துகின்றாள். நற்சொற் கேட்க ஊர்ப்புறஞ் சென்ற முதுபெண்டிர், தாய்ப்பசுக்கள் விரைவில் வருமெனக் கன்றுகளைத் தேற்றும் ஆயர்மகளின் சொல்லைக் கேட்டு மீள்கின்றனர். குளிரில் நடுங்கித் தன் பணியைச் செய்பவளின் சொல் அரண்மனைக்கு நிமித்தமாகின்றது. அரசி ஆற்றியிருத்தலை மட்டும் வியப்போர், அந்த ஆறுதல் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதைக் காணத் தவறுகின்றனர்.

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் நிலை மாறுகின்றது. வணிக நகரான புகாரில் ஒரே மாலை மாதவிக்கு இன்பமும் கண்ணகிக்குத் துன்பமும் தருகின்றது. கோவலரின் குழலோசை இங்கும் கேட்கின்றதாயினும், அது மாந்தரின் இன்ப துன்பங்களுக்குப் பின்னணியாகவே நிற்கின்றது. தொழிற்பொழுது உணர்ச்சிப் பொழுதாக மாறுவதை இங்கு அவதானிக்கலாம்.

எனினும், தொழிலோடியைந்த மாலை மொழியினின்றும் மறைந்துவிடவில்லை. ஈழத்துப் பேச்சுவழக்கிலே மைமல், செக்கல் என்பன வாழ்கின்றன. ‘பொழுதுபட’ என்னும்போது எற்பாட்டிலுள்ள அதே ‘படுதல்’ உழைப்போர் நாவில் ஒலிக்கின்றது. 1960களில் இத்தகைய மொழி புனைகதையில் இடம்பெற்றபோது, மரபுவாதிகள் அதனை இழிசனர் வழக்கெனச் சாடினர். பழஞ்சொல்லைப் போற்றி, அதன் வேரைக் காத்துவந்தோரின் மொழியை இகழ்தல் முரணானது. மைமலையும் செக்கலையும் எற்பாட்டுடனும் செக்கருடனும் ஒருங்குவைத்து ஆராய்வதே, மாலைச் சொற்களின் முழு வரலாற்றை நமக்குத் தரவல்லது.