பெயிண்ட் டப்பாவும் பொன்னாடையும்

வெயில் ஏறுவதற்குள், டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை, வேலூர் வட்டாரச் சபைகளுக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வரும் காலம். அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ ஏதோ ஒரு மெதடிஸ்ட் சபையார் பத்துப் பதினைந்து பேராக வந்து இறங்குவார்கள். வாசலில் மேளம், ஆளுக்கொரு மாலை, பொன்னாடை. ஞாயிறு ஆராதனையில் அவர்களில் ஒருவர் பேசுவார். வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பு நடந்து, அடுப்பில் பிரியாணி குழைந்துவிடும். மறுநாள் சிறுவர்களுக்கு ஆக்‌ஷன் பாட்டு, மதில் சுவருக்குப் பெயிண்ட். அதற்கு மறுநாள் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மகாபலிபுரம் வழியாக விமான நிலையம். இதற்கு ‘மிஷன் டிரிப்’ என்று பெயர்.

வேலூர்ச் சபைகள் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. ஆயிற்றே, மெதடிஸ்ட்காரர்களுக்கு இங்கே என்ன உறவு என்று கேட்கலாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை என்ற சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கர்களோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் மெதடிஸ்ட்களும் சேர்ந்தார்கள். வேலூர்ப் பக்கம் அந்த ஐக்கிய சபை வழியாக வந்தது. அதற்கு முன்பு அமெரிக்க சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷன். சி.எஸ்.ஐ. இன்றும் உலக மெதடிஸ்ட் மன்றத்தில் உறுப்பு. ஆக, பங்காளி உறவு உண்டு. பங்காளி வீட்டுக்கு வருகிறவர் எதற்காகக் கையில் பெயிண்ட் பிரஷ்ஷோடு வருகிறார் என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பயணங்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பயன் உண்டு, ஆனால் பயன் பெறுகிறவர் பெரும்பாலும் வந்து போகிறவர்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தின் வேரிலேயே அப்படி ஒரு பயணம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1735-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பல் ஏறியது அங்குள்ள பூர்வகுடிகளுக்கு ஊழியம் செய்ய. அது நடக்கவில்லை. சபையாரோடு மனக்கசப்பு முற்றி, வழக்குவரை போய், 1738 பிப்ரவரியில் இங்கிலாந்து திரும்பிவிட்டார். அவருக்குக் கிடைத்தது வேறொன்று: போகும் வழியில் புயலடித்தபோது பயமின்றிப் பாடிக்கொண்டிருந்த மொராவியச் சபையாரின் விசுவாசம். திரும்பிய சில மாதங்களில் அவர் வாழ்க்கை திசை மாறியது. ஜார்ஜியாவுக்கு அவர் கொடுத்ததைவிட அந்தப் பயணம் அவருக்குக் கொடுத்ததே அதிகம். தன் தோல்வியை அவர் மறைக்காமல் எழுதியே வைத்தார். இன்றைய குழுக்களின் பயண அறிக்கைகளில் தோல்வி என்ற சொல்லை நான் பார்த்ததில்லை.

சி.எம்.சி.யை நிறுவிய, நம் ஊர்ப் பெருமையான ஐடா ஸ்கடர் கதையையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படிக்க வேண்டும். ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, அமெரிக்காவில் படித்துவிட்டு, 1890-ல் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்தவர். தங்கும் எண்ணமே இல்லை. ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் கேட்டதும், ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்காததும், மூன்று பெண்களும் இறந்ததும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வரை தெரிந்த கதை. அந்த இரவில் ஐடாவால் செய்ய முடிந்தது எதுவுமில்லை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தன் கையாலாகாத்தனத்தை நேரில் பார்த்தார். திரும்பிப் போய்ப் படித்தார். 1899-ல் கார்னெல்லில் மருத்துவப் பட்டம் வாங்கி, மறு ஆண்டு வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1902-ல் ஷெல் மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஒரு பயணம் பலித்ததற்கு இதைவிடப் பெரிய சான்று எந்தச் சபையிடமும் இருக்காது. ஆனால் அது பலித்தது வந்தவருக்கு இயலாமை புரிந்ததால். நிகழ்ச்சி நிரலில் மணிக்கொரு வெற்றியை அடுக்கிவைத்தால் அந்தப் புரிதல் நுழைய இடமெங்கே?

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். ஹோண்டுராஸில் 1998-ல் மிட்ச் சூறாவளி அடித்த பிறகு வீடு கட்டிக்கொடுக்க வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் திரண்டு போயின. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலர் அதை ஆராய்ந்தார். குழுக்கள் கட்டிய வீடு ஒன்றுக்குப் பயணச் செலவும் சேர்த்துச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டைச் சுமார் 2,000 டாலரில் கட்டியது. ஊர் திரும்பியவர்களின் காணிக்கையும் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் பெயிண்டர்களுக்கா பஞ்சம்? சபையிலேயே நாலு பேர் இருப்பார்கள். விருந்தாளி பூசிய சுவருக்கு, அவர் போன பிறகு அவர்களில் ஒருவர் சத்தமில்லாமல் இரண்டாவது கோட் அடிப்பார்.

மருத்துவ முகாம் இதைவிட வேடிக்கை. சி.எம்.சி. இருக்கும் மாவட்டம் இது; கே.வி. குப்பத்தில் 1977 முதல் ரூசா என்ற கிராமப்புற நலப் பணியை நடத்திவரும் நிறுவனம். இங்கே பயணப் பெட்டியில் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதை ஊழியம் என்று எப்படிச் சொல்வது? தற்காலிகப் பதிவு பெறாத வெளிநாட்டு மருத்துவர் இங்கே வைத்தியம் பார்க்கவும் கூடாது. அதே வேலூரில் சரியான முறையும் கண்ணெதிரே இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்கு சி.எம்.சி.க்கு வருகிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பம், கட்டணம், மேலே ஒரு மேற்பார்வையாளர். வார்டில் கற்றுக்கொள்கிறவராக நிற்க வேண்டும். விதி வகுப்பது வீட்டுக்காரர். சபைகள் இதைப் பார்த்துப் படிக்காதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொள்வது விருந்தாளி மட்டுமல்ல, நாமும்தான். சுற்றுலா விசாவில் வந்தவர் ஆராதனையில் உட்காரலாம்; மேடையேறிப் பிரசங்கிக்க அந்த விசா இடம் தராது. அதற்கு மிஷனரி விசா தனியாக உண்டு. சபைக்குக் கூரை போடுங்கள் என்று பாஸ்டர் ஐயா கையில் கவரைத் திணிப்பதும் அன்பால் செய்யும் குற்றம்தான். அயல்நாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அந்தப் பணத்தை வாங்கலாம்; 2020 திருத்தத்துக்குப் பிறகு அது புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும்; வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. இந்தக் கெடுபிடியின் நோக்கத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனாலும் இருப்பது இதுதான். கமிட்டிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். பெரிய குறை, வந்தவர்கள் பார்க்காமல் போவதில் இருக்கிறது. நம் சபைகளின் பெண்களில் கணிசமானவர்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பார்கள். கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் ஷூவின் மேல்பாகமான அப்பரை வைத்து, ஊசியும் நூலுமாகக் கையால் தைப்பார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தோலில் ஊசியை இழுத்து இழுத்து விரல் காய்த்துப் போயிருக்கும். சாயங்காலம் தோள்பட்டை தூக்க வராது. அந்த ஷூ ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. மாலையிட்டு வரவேற்கப்படுகிறவர் காலில் இருப்பது மாலை போட்டவர் தைத்ததாகவே இருக்கலாம். இரண்டு சபைகளுக்கும் ஏற்கனவே இருக்கிற உறவு அதுதான். நிகழ்ச்சி நிரலில் அது இல்லை.

பாலாறும் இல்லை. அந்த ஆற்றைக் கெடுத்த தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகப் பேச வேண்டியிருந்தது. சாதியைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்தச் சபைகளின் பெரும்பகுதி மக்கள் பட்டியல் சமூகத்திலிருந்து வந்தவர்கள். கிறிஸ்தவர் என்று எழுதினால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிக்கான உரிமை போய்விடும். வந்தவர்கள் எடுக்கும் போட்டோவில் சிரிக்கிற பிள்ளைகளின் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. நாமும் சொல்வதில்லை. விருந்தாளியிடம் வீட்டுச் சங்கடத்தைச் சொல்லக் கூடாது என்ற நம் நாகரிகமும் இந்தக் குருட்டுத்தனத்துக்கு உடந்தை. அடுத்த வருடக் காணிக்கை நின்றுவிடுமோ என்ற பயத்தையும் நாகரிகக் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் தமிழ்ப் போதகர் வேதநாயகம் அசரியா மிஷனரிகளின் முகத்துக்கு நேராகச் சொன்னதன் சாரம் இதுதான்: தியாகம் செய்கிறீர்கள், தானம் தருகிறீர்கள், நட்பைத்தான் காணோம். பதினொரு ஆண்டு கழித்து அதற்கு ஒரு பதில் நம் திருப்பத்தூரில் கிடைத்தது. ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் 1921-ல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஊரார் வாயில் தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். கதர் உடுத்திப் போய் 1932-ல் சென்னையில் போலீஸ் தடியடி வாங்கியவர் அந்தச் சின்னண்ணன். வருகிற குழு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னண்ணனை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனால் இங்கே யார் பெரியண்ணன் என்ற தெளிவோடு வரலாம்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருந்ததும் இல்லை. மெதடிஸ்ட் மிஷனரி தாமஸ் கோக் 1814-ல் இலங்கைக்கு வரும் வழியில் கடலிலேயே இறந்தார். அவருடைய தோழர்கள் காலியில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு 1817-ல் சென்னைக்கு வந்தார். சென்னை மெதடிஸ்ட் பணி அமைந்தது இலங்கை வழியாகத்தான். சிங்கப்பூரில் 1885-ல் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கிய ஓல்ட்ஹாம் பெங்களூரில் பிறந்தவர், தென்னிந்தியாவிலிருந்தே அனுப்பப்பட்டவர். அங்கே வளர்ந்த தமிழ் மெதடிஸ்ட் சபைகளிலிருந்து இன்று இங்கே வருகிறவர்களோடு பேச மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, திண்ணையில் உட்கார்ந்து, “என்னம்மா, கூலி கட்டுபடியாகுதா?” என்று நேராகவே கேட்டுவிடலாம். அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்கொடையாளர் தோரணையில் மேடை நாற்காலியைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். தோரணைக்கு நிறம் கிடையாது.

சபைக் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வருகிறோம், என்ன வேலை செய்து தரட்டும் என்று கடிதம் வந்தால், வேலை ஒன்றுமில்லை, வந்து எங்கள் வீடுகளில் தங்குங்கள் என்று பதில் எழுதுங்கள். ஒருநாள் ஷூ தைக்கும் பெண்களோடு உட்காரட்டும். ஒருநாள் பாலாற்றங்கரையில் நடக்கட்டும். அதன்பின் தங்கள் ஊர்க் கடைக்காரரிடம் ஜோடிக்கு என்ன கூலி கொடுத்தாய் என்று கேட்கட்டும். மறு ஆண்டு நம் சபையிலிருந்து இருவர் அவர்கள் ஊருக்குப் போக வேண்டும். அதில் ஒருவர் கம்பெனிக்குப் போகிற பெண்ணாக இருக்க வேண்டும். அவருக்கு விசா மறுக்கப்பட்டால், ஏன் என்று தங்கள் எம்.பி.யிடம் கேட்கும் வேலையை அந்தச் சபையாரிடம் கொடுங்கள். அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது.