கடைசி டோக்கன் யாருக்கு?

திருப்பதியிலோ சித்தூரிலோ பைத்தான் கற்றுக்கொள்ளும் ஒரு மாணவர் தன் முதல் ஏபிஐக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரே வரிசையில் நிற்கிறது. மலைக்குப் போகிறவர்கள் தரிசன நேரத்துக்காக நிற்கிறார்கள். மாங்காய்க் காலம் வந்தால் கிளிமூக்கு ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளின் வாசலில் நிற்கின்றன. ஆகவே அவர் டோக்கன் வழங்கும் ஏபிஐ ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாஸ்க், எஸ்கியூலைட், ஒரே ஒரு பைத்தான் கோப்பு. நூற்றைம்பது வரிக்குள் விவசாயியைப் பதியலாம், டோக்கன் எடுக்கலாம், எடையைச் சேர்க்கலாம், அன்றைய பட்டியலைப் பார்க்கலாம். எல்லாம் ஓடுகிறது.

இதை எப்படி மேம்படுத்துவது என்று அவர் கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். கோப்பைப் பிரி, ரூட்டுகளை ஒரு ஃபோல்டரிலும் மாடல்களை இன்னொன்றிலும் வை. எஸ்கியூஎல்லைக் கையால் எழுதாதே, ஓஆர்எம் பயன்படுத்து. ஃபாஸ்ட்ஏபிஐக்கு மாறு. டாக்கரில் போடு. இவற்றில் எதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே பைத்தான் பக்கம் நின்று பேசுகின்றன. டேட்டாபேஸ் என்பது சொன்னதைப் போட்டு வைக்கும் கிட்டங்கி என்ற எண்ணம் அவற்றின் அடியில் இருக்கிறது. முதல் திருத்தம் டேபிளில்தான் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. கோப்புகளின் அழகு அதற்குப் பிறகு.

முதலில் அந்த ஒற்றைக் கோப்புக்காகக் கொஞ்சம் பேச வேண்டும். அனுபவசாலிகள் அதைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. போனிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது, ஒரு ஃபங்ஷன் அதை வாங்குகிறது, ஒரு எஸ்கியூஎல் வரி ஓடுகிறது, ஜேசன் திரும்பிப் போகிறது. இந்த முழுப் பயணத்தையும் ஒரே திரையில் பார்க்க முடிகிற காலம் ஒரு நிரலாளரின் வாழ்க்கையில் மிகக் குறுகியது, மிக முக்கியமானது. ஆர்மின் ரோனாகர் 2010இல் வெளியிட்ட ஃப்ளாஸ்க்கும், ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்ட எஸ்கியூலைட்டும் அந்தத் தெளிவைக் கற்பவருக்கு இலவசமாகக் கொடுக்கின்றன. சர்வர் நிறுவ வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், டேட்டாபேஸே ஒரு கோப்பு. இரண்டாம் ஆண்டு மாணவரிடம் போய் இதை ஏழு ஃபோல்டராகப் பிரிக்கச் சொன்னால், அவர் கையில் இருந்த புரிதலைப் பிடுங்கிவிட்டு ஒரு வடிவத்தைக் கொடுக்கிறோம். பிரிக்க வேண்டிய நாள் தானாக வரும். கோப்பைத் திறந்து தேடுவதே வேலையாகிவிடும் நாள் அது.

அந்தக் கோப்பின் உண்மையான குறை அதன் நீளத்தில் இல்லை, டோக்கன் கொடுக்கும் ஃபங்ஷனில் இருக்கிறது. கற்பவர் அதை ஏறக்குறைய இப்படித்தான் எழுதுவார்: இந்த நேரத்துக்கு இதுவரை எத்தனை டோக்கன் போயிருக்கிறது என்று எண்ணு; வரம்புக்குக் குறைவாக இருந்தால் புதிதாக ஒன்றைச் சேர். படித்தால் பிழையே தெரியாது. வரம்பு ஐம்பது, நாற்பத்தொன்பது போய்விட்டது, கடைசி ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்கிறார்கள். இருவரின் கோரிக்கையும் எண்ணிப் பார்க்கிறது, இருவருக்கும் நாற்பத்தொன்பது என்றே பதில் வருகிறது, இருவருக்கும் டோக்கன் போகிறது. எண்ணுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் ஐம்பத்தொன்றாவது டோக்கன் பிறந்துவிடுகிறது.

லேப்டாப்பில் தனியாக உட்கார்ந்து சோதித்தால் இது ஒருநாளும் வெளிப்படாது. இந்தப் பகுதியில் வளர்ந்தவருக்கு அந்தத் தனிமை எவ்வளவு பொய்யானது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசன டிக்கெட்டுகளை மாதந்தோறும் இணையத்தில் திறக்கும் காலை வேளையில், எத்தனை வீடுகளில் எத்தனை போன்கள் ஒரே நொடிக்காகக் காத்திருக்கின்றன என்பதை அவர் தன் குடும்பத்திலேயே பார்த்திருப்பார். எல்லோரும் ஒரே கணத்தில் வருவது இங்கே விதிவிலக்கு ஆகாது. வழக்கமே அதுதான்.

பைத்தானுக்குள் ஒரு லாக் வைத்து இதைத் தடுக்கலாம் என்று தோன்றும். சோதனையில் சரியாகவும் இருக்கும். ஆனால் நிஜ சர்வரில் குனிகார்ன் போன்ற ஒன்று அதே நிரலை நான்கைந்து தனித்தனி புராசஸ்களாக ஓட்டும். ஒரு புராசஸில் போட்ட பூட்டு அடுத்ததற்குத் தெரியாது. அந்த இரண்டு பேரும் உண்மையில் சந்திக்கும் ஒரே இடம் டேட்டாபேஸ். அதனால் விதியும் அங்கேதான் இருக்க வேண்டும். நேரங்களுக்கு ஒரு டேபிள், அதில் ‘மீதம்’ என்று ஒரு காலம் (நெடுவரிசை), அது பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட். டோக்கன் கொடுக்கும்போது எண்ணிப் பார்க்கும் வேலையே இல்லை. மீதம் பூஜ்யத்தைவிட அதிகமாக இருந்தால் ஒன்றைக் குறை என்று ஒரே அப்டேட். எத்தனை வரி மாறியது என்று டேட்டாபேஸ் சொல்லும். ஒன்று என்றால், அதே டிரான்ஸாக்‌ஷனில் டோக்கனைச் சேர்த்து கமிட் செய்யலாம். பூஜ்யம் என்றால் இடம் தீர்ந்துவிட்டது, 409 என்ற பதிலை அனுப்பலாம். கோப்பின் நீளம் பெரிதாக அதிகரிக்காது. ஆனால் ஏபிஐயின் தரம் மாறிவிடுகிறது.

தேவஸ்தானமே இன்னொரு வழியையும் காட்டுகிறது. சுப்ரபாதம், தோமாலை, அர்ச்சனை போன்ற சேவைகளுக்கு முந்துகிறவருக்கே இடம் என்ற முறை இல்லை. சில நாட்கள் பதிவைத் திறந்து வைத்து, பிறகு கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நொடியில் எல்லோரும் மோதிக்கொள்ள வேண்டிய காரணமே அங்கே இல்லை. நிரலைத் திருத்துவதற்கு முன் விதியைத் திருத்த முடியுமா என்று யோசிப்பதும் பொறியியல்தான். வேகமான போனும் நல்ல சிக்னலும் உள்ளவருக்கே சாதகமான முறையை, நிரல் எழுத எளிது என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எஸ்கியூலைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது சிறு பிள்ளைகளின் டேட்டாபேஸ் என்ற பேச்சு வெறும் அறியாமை. நம் ஒவ்வொருவரின் போனிலும் அது வேலை செய்கிறது. ஆனால் அதன் தாராளம் கற்பவரை ஏமாற்றும். டேபிள் உருவாக்கும்போது ஃபாரின் கீ எழுதியிருந்தாலும், ஒவ்வொரு இணைப்பிலும் அதை இயக்கச் சொல்லாவிட்டால் எஸ்கியூலைட் அதைக் கண்டுகொள்ளாது. இல்லாத விவசாயியின் பேரில் டோக்கன் சேரும். எடை என்று முழு எண் காலம் வைத்திருந்தாலும் ‘ரெண்டு டன்’ என்ற எழுத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். 2021இல் வந்த 3.37 பதிப்பு முதல் டேபிளை ஸ்டிரிக்ட் என்று அறிவிக்க முடிகிறது. ஸ்டிரிக்டுக்கு ஒரு சொல், ஃபாரின் கீயை இயக்க ஒரு ப்ராக்மா வரி. போஸ்ட்கிரெஸுக்கு மாறும் முன் இவ்வளவையாவது செய்து பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் பலர் எழுத வேண்டிய நிலை வந்தால் போஸ்ட்கிரெஸ் தேவைதான், ஏனென்றால் எஸ்கியூலைட் ஒரு நேரத்தில் ஒருவரையே எழுத விடும்.

டேபிளின் வடிவத்துக்கு வருகிறேன். இங்குதான் ஊரைத் தெரிந்தவருக்கும் மேசையில் இருந்தபடியே எழுதுகிறவருக்கும் வித்தியாசம் தெரியும். கற்பவரின் டேபிளில் ‘விலை’ என்று ஒரு காலம் இருக்கும். 2025 பருவத்தில் கிளிமூக்கு விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாயை ஆலைகள் தர வேண்டும், 4 ரூபாயை அரசு தரும். ஒரே சுமைக்கு இரண்டு பேர் பணம் தருகிறார்கள், இரண்டு வேறு நாட்களில். ‘விலை’ காலத்தில் பன்னிரண்டு என்று எழுதிவிட்டு, ‘கொடுத்தாயிற்று’ என்று ஒரு ஆம் - இல்லை காலம் வைத்தால், எட்டு வந்ததா, நான்கு வந்ததா, எது பாக்கி என்று அந்த ஏபிஐ ஒருநாளும் சொல்லாது. விவசாயி கேட்கும் ஒரே கேள்வி அதுதான். சுமைக்கு ஒரு டேபிள், பணம் வந்ததற்கு ஒரு டேபிள். யார் கொடுத்தது, எவ்வளவு, எந்த நாள். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைக்க வேண்டும். தசம எண்ணை ஃப்ளோட்டில் வைத்தால் கூட்டலில் பைசா நழுவும், கணக்கில் அது நம்பிக்கையைக் கெடுக்கும்.

மாவட்டமும் அப்படித்தான். சித்தூர் என்று நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவர்கள் 2022 ஏப்ரல் 4 அன்று என்ன செய்திருப்பார்கள்? அன்றுதான் திருப்பதி தனி மாவட்டமானது. ஸ்ரீகாளஹஸ்தி அதனுடன் போனது, மதனப்பள்ளி அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. அதற்கு முன் 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர் மாவட்டமே 1911இல்தான் உருவானது. எல்லைகள் இத்தனை முறை நகர்ந்த மண்ணில் மாவட்டம் என்பதைத் தனி டேபிளாக, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த மண்டலம் எதில் இருந்தது என்ற பதிவோடு வைப்பதை மிகை என்று யாரும் சொல்ல முடியாது. டேபிளை மாற்றும் ஒவ்வொரு படியையும் மைக்ரேஷன் கோப்பாக எழுதி வைக்கும் பழக்கமும் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுப்ரபாத சேவை அதிகாலை மூன்று மணியளவில். சர்வர் யூடிசியில் ஓடினால், நம் மூன்று மணி அதற்கு முந்தைய நாள் இரவு ஒன்பதரை. நேர மண்டலம் குறிக்காமல் தேதியைச் சேமித்தால் அந்தச் சேவை தவறான நாளின் பட்டியலில் போய் உட்காரும்.

ஓஆர்எம் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் ஒரு பக்கமாக இல்லை. கற்பவர் எஃப்-ஸ்டிரிங்கில் பெயரை நுழைத்து எஸ்கியூஎல் கட்டுகிறார். இது 1998 முதலே வெளிப்படையாக எழுதப்பட்டு வரும் ஓட்டை. திருடன் வரும்வரைகூடப் பொறுக்காது. டி’சூசா என்று ஆங்கிலத்தில் மேற்கோள் குறியோடு பெயர் உள்ள ஒரு நல்ல மனிதர் பதிவு செய்தாலே உடையும். மைக் பேயர் 2006இல் வெளியிட்ட எஸ்கியூஎல்ஆல்கெமி போன்றவை மதிப்புகளைத் தனியாக அனுப்பி இதை இயல்பாகத் தடுக்கின்றன. அது பெரிய நன்மை. ஆனால் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாகக் கொடுப்பது பைத்தானின் எஸ்கியூலைட் மாட்யூலிலேயே இருக்கிறது. அதற்காக ஒரு நூலகம் தேவையில்லை. மறுபக்கம், ஓஆர்எம் கற்பவரின் கண்ணிலிருந்து எஸ்கியூஎல்லை மறைத்துவிடுகிறது. இருநூறு டோக்கன்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் விவசாயியின் பெயரைக் கேட்கும் எளிய லூப், பின்னால் இருநூற்றொரு கேள்விகளாக ஓடுவது அவருக்குத் தெரியாது. ஒரு ஜாயினை அவர் கையால் எழுதி, இண்டெக்ஸ் போட்டு, வேகம் மாறுவதைப் பார்த்த பிறகு ஓஆர்எம் கொடுங்கள். அப்போது அது அவர் கைக்கு அடங்கிய கருவி.

ஃபாஸ்ட்ஏபிஐயின் சரிபார்ப்பும் இதே தராசில் நிறுக்க வேண்டியது. எடை எண்தானா, போன் எண் பத்து இலக்கமா என்று வாசலிலேயே பார்த்து, தவறானதை 422 என்று திருப்பி அனுப்புகிறது. சிறப்பான வசதி. ஆனால் வந்த தகவலின் வடிவத்தை மட்டுமே அதனால் பார்க்க முடியும். அந்த டோக்கன் ஏற்கெனவே போய்விட்டதா என்பது டேபிளுக்கு மட்டுமே தெரியும்.

ஒரு குறையை மட்டும் காத்திருக்காமல் உடனே சரிசெய்யச் சொல்வேன். விவசாயியின் வரியை அப்படியே எடுத்து, எல்லாக் காலங்களையும் ஜேசனாகத் திருப்பி அனுப்பும் வழக்கம். அதில் ஆதார் எண் இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும். பட்டியலைப் பார்க்கிற எவரும் அதையும் பார்ப்பார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் தன் கணக்கு எண்ணை நம்பிக் கொடுத்த மனிதருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். தேவையான காலங்களின் பெயரை மட்டும் எழுதி எடுக்க வேண்டும். ஆதார் தேவையே இல்லையென்றால் வாங்கவே கூடாது. ஃப்ளாஸ்க்கின் டீபக் நிலையை சர்வரில் அணைத்து வைப்பதும் இதோடு சேர்ந்தது.

இனி, மேம்பாடு நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபோல்டர்களை எண்ணிப் பார்த்தால் தெரியாது. மீதம் ஒன்று என்று வைத்த ஒரு நேரத்தை உருவாக்கி, சர்வரை நான்கு புராசஸ்களில் ஓடவிட்டு, ஐம்பது கோரிக்கைகளை ஒரே சமயத்தில் அனுப்பும் ஒரு டெஸ்ட் எழுத வேண்டும். ஒன்றுக்கு 201, மீதி நாற்பத்தொன்பதுக்கும் 409 வர வேண்டும். பிறகு ஜெயித்த அந்தக் கோரிக்கையை அதே கோரிக்கை எண்ணோடு மறுபடி அனுப்ப வேண்டும், ஏனென்றால் மலைப்பாதையில் சிக்னல் போய் வரும்போது போன் அதைத்தான் செய்யும். கோரிக்கை எண்ணுக்கு ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் இருந்து, ஏபிஐ அந்த எண்ணை முதலில் தேடிப் பார்த்தால், இரண்டாம் முறையும் பழைய டோக்கனே திரும்பி வரும். இந்த இரண்டு டெஸ்ட்டும் பச்சையான பிறகு அந்த ஒற்றைக் கோப்பைப் பிரிக்கலாம். பிரிக்கும்போது எதுவும் உடையவில்லை என்பதற்கும் அவையே காவல்.