மெக்ரேயை விடாத வாசகர்

துப்பறியும் கதை என்றாலே முகம் சுளிக்கும் தமிழாசிரியர் நம்மிடையே பலர். புதிர் அவிழ்ந்ததும் நூல் சாறு பிழிந்த கரும்புச் சக்கை என்பர். பல கதைகளுக்கு இது பொருந்தும். ஆயின், ஒரே துப்பறிவாளரைப் பற்றிய நூல்களைப் பத்து, இருபது, ஐம்பது எனத் தேடிப் படிப்போரும், முடிவு தெரிந்த நூலையே மீண்டும் எடுப்போரும் உளரே, அவர்களை இழுப்பது எது? புதிர் மட்டும் என்றால் இரண்டாம் முறை படிக்க அங்கு ஒன்றும் இல்லை.

இவ்வினாவுக்கு ஜார்ஜ் சிமெனோனின் மெக்ரே வரிசை நல்ல விடை தருகிறது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1903-இல் பிறந்த சிமெனோன், பாரிஸ் போலீஸ் அதிகாரியான மெக்ரேயை வைத்து 75 நாவல்களும் 28 சிறுகதைகளும் பிரெஞ்சு மொழியில் எழுதினார். கடைசி நாவல் 1972-இல் வெளிவந்தது. மெக்ரே பருத்த உடலினர். புகைக்குழாய் வாயைவிட்டு அகலாது. நுண்ணறிவால் நம்மை மலைக்க வைப்பவர் அல்லர். கொலை நடந்த இடத்துக்குச் சென்று அமர்வார், குடிப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார்.

'மஞ்சள் நாய்' (1931) என்னும் நாவலைக் காண்க. கொங்கார்னோ என்னும் கடற்கரைச் சிற்றூர். காற்று, மழை, ஒரு விடுதி, யாருடையது என்று அறியாத நாய், ஊரெங்கும் அச்சம். உடன் வந்த இளம் அதிகாரி லெருவா தடயங்களைத் திரட்டுகிறார். மெக்ரேயோ விடுதிப் பணிப்பெண் எம்மாவின் வாடிய முகத்தைப் பார்த்திருக்கிறார். வழக்கின் வேர் அந்த முகத்திலேதான் இருக்கிறது. நம் இலக்கண முறையில் சொல்வதானால், முதலும் கருவும் நிறைந்த பின்னரே உரிப்பொருள் வெளிப்படுகிறது.

இதனினும் ஆழமானது, அதே ஆண்டில் வந்த, சென் ஃபோலியன் தேவாலயத்தில் தூக்கில் தொங்கியவனைப் பற்றிய நாவல். ஏழைக் கோலத்தில் உள்ள ஒருவன் பெருந்தொகையை அஞ்சலில் அனுப்புவதை மெக்ரே காண்கிறார். ஐயுற்றுப் பின்தொடர்ந்து, அவன் பெட்டியை அதைப் போன்ற வேறொரு பெட்டியால் மாற்றிவிடுகிறார். விடுதி அறையில் பெட்டியைத் திறந்தவன் தன்னையே சுட்டுக்கொண்டு மாள்கிறான். அடுத்த அறையிலிருந்து மெக்ரே அதைப் பார்க்கிறார். குற்றவாளியைத் தேடப் போனவரே ஒரு சாவுக்குக் காரணமாகி நிற்கிறார்! அந்தச் சுமையோடு அவர் துருவிச் செல்லும் வழி லியேஜில் முடிகிறது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கு முன் இளைஞர் குழு ஒன்றிடையே நடந்த கொலை அது. வழக்குத் தொடரச் சட்டம் தரும் கெடு தீர ஒரு மாதமே உள்ளது. குழுவினர் சிலருக்கு இப்போது குழந்தைகள் உண்டு. அக்குழந்தைகளை எண்ணிப் பார்த்த மெக்ரே, எவரையும் கைது செய்யாமல் திரும்பிவிடுகிறார்.

இத்தீர்ப்பை நான் ஒப்பவில்லை. கொலையுண்டவனுக்காகப் பேச அங்கு ஒருவரும் இல்லை. எனினும் அடுத்த நூலைத் தேடச் செய்வது அதுவே. கொன்றவன் யார் என்பதைவிட, மெக்ரே இம்முறை அவனை என்ன செய்வார் என்பதே நம்மைப் பிடித்திழுக்கிறது.

பற்று மிகுந்தால் கண் மங்கும் என்பதும் உண்மை. முதல் நாவலில் கொல்லப்பட்ட உதவியாளர் டொரான்ஸ், பிந்திய நூல்களில் உயிரோடு நடமாடுகிறார். ரசிகர் சிரித்து மன்னிப்பர், நானும் மன்னிக்கிறேன். ஆனால் விரைந்து எழுதிய சில நூல்களில் புகைக்குழாயும் திருமதி மெக்ரேயின் சமையலுமே கதையின் இடத்தை நிரப்புகின்றன. அவற்றையும் சிறந்தவை என்று போற்றுவது திறனாய்வு ஆகாது.

நடையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இளமையில் கதைகளோடு வந்த சிமெனோனிடம், 'இலக்கியத்தன்மை'யைக் குறைக்கும்படி எழுத்தாளர் கோலெத் அறிவுரை கூறினார். அவரும் அதைக் கைக்கொண்டார். சொற்கள் எளியவை, வருணனை சுருக்கம். ஆயினும் மழையின் ஈரம் நம் மேல் படுகிறது. அடைமொழிகளை அடுக்கிக் கட்டுரை வரையும் மேல்வகுப்பு மாணவருக்கு, ஆங்கில மொழிபெயர்ப்பிலேனும், 'மஞ்சள் நாய்' நூலைக் கொடுக்கலாம். லியேஜ் கதை இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்கட்டும்.