திரும்பி வந்தது யார்?

பிரிந்துபோன ராக் குழு மறுபடி ஒண்ணு சேர்ந்தால் ‘எல்லாம் காசுக்குத்தான்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பாட்டுக்காரனுக்கும் வயிறு உண்டு. அதில் எனக்குச் சண்டை இல்லை. பழைய பெயரோடு பழைய கோபமும் மேடையேறுதா என்பதுதான் என் கேள்வி.

இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்து ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவை எடுத்துக்கொள்வோம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து, ஜமைக்காவின் ஸ்கா இசையைப் பங்க்கோடு கலந்து, நிறவெறிக்கு எதிராக நின்றவர்கள். 1981 ஜூலையில் லிவர்பூலும் மான்செஸ்டரும் கலவரத்தில் எரிந்தபோது, வேலையற்ற இளைஞர்களைப் பாடிய அவர்களின் ‘கோஸ்ட் டவுன்’ விற்பனையில் முதலிடத்தில் இருந்தது. அந்த உச்சியிலேயே குழு உடைந்தது.

2009இல் மீண்டும் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார்கள். ஆனால் குழுவைத் தொடங்கியவரும் அந்தப் பாட்டை எழுதியவருமான ஜெரி டாமர்ஸ் மேடையில் இல்லை. தொடங்கியவர் வெளியே, பெயர் உள்ளே. இது என்னை உறுத்திக்கொண்டே இருக்குது.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்லணும். 2017இல் பர்மிங்ஹாமில் வலதுசாரி ஆர்ப்பாட்டக்காரன் ஒருவனைச் சிரித்தபடி எதிர்த்து நின்றார் சஃபியா கான். அப்போது அவர் போட்டிருந்தது ஸ்பெஷல்ஸ் பெயர் பொறித்த பனியன். 2019இல் வந்த ‘என்கோர்’ தொகுப்பில் அவர் கையிலேயே மைக்கைக் கொடுத்தார்கள். ஸ்கா முன்னோடி பிரின்ஸ் பஸ்டர் பெண்களுக்குக் கட்டளை போட்ட பழைய பாட்டுக்கு அவர் பதில் சொன்னார். தாங்கள் கும்பிட்ட மரபையே கேள்வி கேட்க இடம் விட்டார்களே, அங்கேதான் அந்தக் கோபம் உயிரோடு திரும்பி வந்தது.

அதற்காக டாமர்ஸ் கணக்கு தீர்ந்துபோச்சுன்னு நான் சொல்லமாட்டேன்.