பாட்டில்லாத பாட்டு

1986-ல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' கேஸட்டை முதலில் போட்டுக் கேட்டபோது எனக்கு வந்தது கோபந்தான். பல்லவி எங்கே, சரணம் எங்கே, முணுமுணுக்க ஒரு வரியாவது வேண்டாமா? தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணமாம்! நம்மை விட்டுவிட்டு மனிதர் பெரிய இடத்துச் சகவாசம் தேடிக்கொண்டுவிட்டார் என்று மனம் குமைந்தது. ரசிகனுக்கு இப்படியெல்லாம் ஓர் உரிமை நினைப்பு!

மூன்றாந்தடவை கேட்கையில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் என்னை மடக்கிவிட்டது. பாஹின் பிடில் உருப்படி ஒன்று தன்பாட்டுக்கு ஓடுகிறது. நம் ஊர்க் கமகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுக்கிறது. இரண்டோர் இடத்தில் அந்தப் பேச்சு வெறும் சாமர்த்தியமாக நின்றுவிடுகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கண் ஏன் கலங்கிற்று? வார்த்தைகள் இருந்திருந்தால், பழியை அவற்றின்மேல் போட்டிருப்பேன்.