நகலா, லிங்க்கா? கைபேசி மின்னஞ்சலில் கிளவுட் கோப்புகள்

இளையரசனேந்தல் பிர்காக்காரர்களுக்கு அலுவலக அலைச்சல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தப் பிர்கா, பின்னர் வருவாய்த் துறைக் கணக்கில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பிர்காவின் 12 ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது குருவிகுளம் அந்தப் பக்கம் போயிற்று. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், ஊராட்சி வேலைக்கு இன்னொரு மாவட்டம். இந்த ஊராட்சிகளையும் கோவில்பட்டி ஒன்றியத்தோடு சேருங்கள் என்று மக்கள் பல ஆண்டுகள் கேட்டு வந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், ஆவணத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் போட்டு வைத்து, தேவைப்படும்போது கைபேசியிலிருந்தே மின்னஞ்சலோடு சேர்த்து அனுப்ப முடிவது பெரிய வசதி. பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாகும். ஆனால் ஒரு வசதியை எவ்வளவுக்கு நம்பியிருக்கிறோமோ அவ்வளவுக்கு அதன் குறைகளையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த வசதியின் பெரிய குறையாக நான் கருதுவது ஒன்றைத்தான். கோப்பின் நகல் போக வேண்டுமா, கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் லிங்க் போக வேண்டுமா என்பதைச் செயலிகள் பெரும்பாலும் கோப்பின் அளவையும் அது இருக்கும் இடத்தையும் பார்த்தே முடிவு செய்கின்றன. அந்த ஆவணம் நாளைக்கு யார் கையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

லிங்க் முறை வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. மின்னஞ்சல் முதலில் வெறும் எழுத்துகளைச் சுமக்கவே உருவானது. படம், ஒலி, ஆவணம் என எல்லாவற்றையும் எழுத்து வடிவத்துக்கு மாற்றிக் கடிதத்தோடு அனுப்பும் ‘மைம்’ என்ற நெறிமுறையை நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992-இல் வகுத்தார்கள். இந்த மாற்றத்தில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாகின்றன. ஆகவே 15 எம்பி கோப்பு வழியில் 20 எம்பி ஆகிவிடுகிறது. இந்தச் சுமைக்கு ஒவ்வொரு சேவையும் ஓர் உச்சவரம்பு வைத்தது. ஜிமெயிலில் 25 எம்பி, ஆப்பிளின் ஐகிளவுட் மெயிலில் 20 எம்பி. கூகுள் டிரைவ் 2012 ஏப்ரலில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், டிரைவில் இருக்கும் 10 ஜிபி வரையிலான கோப்பை ஜிமெயில் கடிதத்தில் செருகும் வசதியைக் கூகுள் அறிவித்தது. 2013-இல் ஆண்ட்ராய்ட் 4.4, கைபேசிக் கோப்பையும் கிளவுட் கோப்பையும் ஒரே பட்டியலில் காட்டத் தொடங்கியது. 2017-இல் ஐபோனிலும் ஐபேடிலும் ‘ஃபைல்ஸ்’ செயலி அதே வேலையைச் செய்தது.

நம் ஊர்ப்பக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பட்டாவையும் பாஸ்புக்கையும் ஸ்கேன் செய்யப் பலரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனர் செயலியை, 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் இடத்தை நிரப்பியவற்றில் ஆண்ட்ராய்ட் டிரைவிலேயே இருக்கும் ஸ்கேன் வசதியும் ஒன்று. அதில் எடுக்கும் படம் பிடிஎஃப் ஆகி நேரே கிளவுட்டுக்குப் போய்விடும். அங்கிருந்து மின்னஞ்சலுக்குப் போவது அடுத்த படி.

முதலில் நிறைகள். சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் லிங்க் நன்றாக உதவுகிறது. டிரைவில் இருக்கும் 10 எம்பி கோப்பை நகலாக அனுப்பினால், கைபேசி பெரும்பாலும் அதைக் கீழே இறக்கி, பின் பெருத்த வடிவில் மேலே ஏற்றும். டேட்டா இரு மடங்குக்கும் மேல் கரையும். லிங்க் ஒரு வரி எழுத்துதான், நொடியில் போய்விடும். கைபேசி தொலைந்தாலும் உடைந்தாலும் கோப்பு பத்திரமாக இருக்கும்.

வேலை நடந்துகொண்டிருக்கும் கோப்புக்கு லிங்க்கைவிடப் பொருத்தமான வழி இல்லை. கோவில்பட்டித் தீப்பெட்டிக்கான லேபிள் வடிவமைப்பு சிவகாசி அச்சகத்துக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். படங்களோடு கூடிய அச்சுக் கோப்பு எளிதாக 25 எம்பியைத் தாண்டும். நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நகல் அனுப்பினால் எது கடைசி வடிவம் என்ற குழப்பத்தில் தப்பான லேபிள் அச்சேறிவிடும். லிங்க் ஒன்றாக இருந்தால் அச்சகக்காரர் எப்போது திறந்தாலும் புதிய வடிவம்தான் கண்ணில் படும். வேலை முடிந்ததும் அனுமதியை விலக்கிக்கொள்ளலாம். அனுப்பிய நகலைத் திரும்ப வாங்க முடியாது.

இனி குறைகள். கைபேசித் திரையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கடிதம் எழுதிவிட்டுக் காகிதக் கிளிப் படத்தைத் தொட்டால், கைபேசிக் கோப்புக்கு ஒரு வழி, டிரைவுக்கு ஒரு வழி என்று பட்டியல் விரிகிறது. டிரைவைத் தொட்டு, பயிர்க் காப்பீட்டுக்கான அடங்கலைத் தேர்ந்தெடுத்ததும் கடிதத்தின் கீழே ஒரு சிறு கட்டம் உட்காருகிறது. நகலாகப் போகும் கோப்புக்கும் ஏறத்தாழ இதே போன்ற கட்டம்தான். அனுப்பும் பொத்தானை அழுத்தினால், பெறுபவருக்கு இந்தக் கோப்பைப் பார்க்க அனுமதி இல்லை, அவருக்கு மட்டும் தரவா, லிங்க் வைத்திருக்கும் எல்லோருக்கும் தரவா என்று ஒரு கேள்வி வருகிறது. முழு வேலையிலும் முக்கியமான கேள்வி இதுதான். அது வேலை முடிந்தது என்று கை தளரும் நேரத்தில், உள்ளங்கை அளவுத் திரையில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. படிக்காமல் எதையோ தொட்டு அனுப்பிவிடுகிறோம்.

தப்பானதைத் தொட்டால் இரண்டு விதத்தில் ஆபத்து காத்திருக்கிறது. அனுமதி தராமல் அனுப்பினால், அலுவலகத்தில் திறப்பவர் கண்ணில் ஆவணம் படாது, அனுமதி கேளுங்கள் என்ற அறிவிப்பே படும். அவர் கேட்டாலும் அந்தக் கோரிக்கை அனுப்பியவரின் மின்னஞ்சலுக்கு வரும். அவசரத்துக்கு மட்டும் மின்னஞ்சலைத் திறப்பவர் அதைப் பார்ப்பதற்குள் பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி போய்விடலாம். எல்லோருக்கும் என்று திறந்துவிட்டால், ஆதார், வங்கிப் புத்தகம், சிட்டா எல்லாம் அந்த லிங்க் கைமாறும் இடமெல்லாம் திறந்தே கிடக்கும்.

மூன்றாவது குறை எனக்கு இன்னும் கவலை தருகிறது. மனுவின் கீழே ‘இணைப்பு: 1. பட்டா நகல், 2. அடங்கல்’ என்று எழுதி, காகிதங்களைப் பின் போட்டுக் கொடுப்பது நம் வழக்கம். கொடுத்த பிறகு அவை அலுவலகக் கோப்பில் சேர்ந்துவிடும். மனுதாரர் ஊரைவிட்டுப் போனாலும், காலமானாலும், அந்தப் பட்டா நகல் அங்கே இருக்கும். லிங்க் அப்படியல்ல, கோப்பு அனுப்பியவர் கணக்கிலேயே தங்குகிறது. அவர் அழித்தால் அங்கும் இல்லை. இடம் போதவில்லை என்று பழையதை அழிப்பது எல்லோரும் செய்வதுதான், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் போட்டோஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2 ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. ஆப்பிளின் ‘மெயில் டிராப்’ 5 ஜிபி வரை அனுப்பும், ஆனால் அந்த லிங்க்கின் ஆயுள் 30 நாள். தகவல் உரிமைச் சட்டம் ஒரு மனுவுக்குப் பதில் தர அலுவலருக்குத் தரும் பொதுவான கெடுவும் 30 நாள்தான். கெடுவின் கடைசி நாளில் ஒருவர் கோப்பைத் திறக்கும்போது லிங்க் காலாவதியாகியிருக்கக் கூடாது.

சான்று மதிப்பையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தைச் சான்றாகத் தரும்போது அதோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில், கோப்பின் உள்ளடக்கத்தைக் கொண்டு கணக்கிடும் ‘ஹேஷ்’ எண்ணையும் குறிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். மின்னஞ்சலோடு போன நகல் அன்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கும். லிங்க்கின் பின்னால் இருக்கும் கோப்போ திருத்தத்துக்கு உட்பட்டது. ‘நான் அனுப்பியது இதுதான்’ என்று நிறுவ வேண்டிய நாளில் லிங்க் நம்மைக் கைவிடலாம்.

அலுவலகங்களின் பக்கம் இருக்கும் தயக்கமும் காரணமில்லாதது அல்ல. அலுவல் சார்ந்த உள் ஆவணங்களையும் ரகசிய ஆவணங்களையும் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற தனியார் கிளவுட்டில் வைக்கக் கூடாது என்று தேசியத் தகவலியல் மையம் 2022-இல் மத்திய அரசு ஊழியர்களுக்கு வழிகாட்டுதல் தந்தது. மோசடிக்காரர்களுக்கும் ‘உங்களோடு ஒரு கோப்பு பகிரப்பட்டுள்ளது’ என்ற லிங்க் பிடித்த தூண்டில். முன்பின் தெரியாதவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதே என்று ஒரு பக்கம் எச்சரித்துவிட்டு, மறுபக்கம் நாமே லிங்க்காக அனுப்பிப் பழகினால் அந்த எச்சரிக்கை எப்படி எடுபடும்?

இதற்காக லிங்க் முறையே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் டிஜிலாக்கரும் அடிப்படையில் அதே முறைதான். அதில் வழங்கப்படும் ஆவணங்களை மூல ஆவணத்துக்கு இணையாகக் கருத வேண்டும் என்று 2017-இல் விதி திருத்தப்பட்டது. அங்கே கோப்புக்குப் பின்னால் நிற்பது அதை வழங்கிய துறை. அனுப்பியவர் அழித்துவிடுவாரோ, திருத்திவிடுவாரோ என்ற கேள்விக்கே இடமில்லை. ஆக, லிங்க்கின் மதிப்பு கோப்பைக் காத்து நிற்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

நகலுக்கும் குறை உண்டு. அனுப்பிய ஆதார் நகல் எத்தனை இன்பாக்ஸில் எத்தனை வருடம் கிடக்கும் என்பது நம் கையில் இல்லை. கேட்பவர்கள் ஏற்றுக்கொள்ளும் இடங்களில், முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை அனுப்புவது நல்லது.

இரண்டையும் எடைபோட்டால் விதி எளிதாகவே கிடைக்கிறது. பெறுபவரின் பதிவில் நிற்க வேண்டியதை, அதாவது மனு, சான்றிதழ், ரசீது, ஒப்பந்தம், வேலை விண்ணப்பம் போன்றவற்றை, நகலாக அனுப்புங்கள். டிரைவ் செயலியில் கோப்பின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, நகலை அனுப்பும் வழியில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தால் கோப்பே போகும். சில பக்க பிடிஎஃப் பொதுவாக ஜிமெயிலின் வரம்பை எட்டாது, கொஞ்சம் டேட்டா செலவானாலும் பரவாயில்லை. இன்னும் திருத்தப்பட வேண்டியதையும், அளவில் பெரியதையும், சில நாள் மட்டும் காட்ட வேண்டியதையும் லிங்க்காக அனுப்புங்கள். அனுமதியைக் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஆனால் முழுப் பொறுப்பையும் விவசாயி தலையிலும் இ-சேவை மையத்துப் பிள்ளைகள் தலையிலும் கட்டுவது நியாயமில்லை. அலுவலகங்கள் தங்கள் மின்னஞ்சல் முகவரியின் கீழே, எத்தனை எம்பி வரை ஏற்கிறோம், லிங்க்கைத் திறப்போமா மாட்டோமா என்று தமிழில் இரண்டு வரி எழுதி வைக்கலாம். திறக்க முடியாத லிங்க் வந்தால் மனுவை ஓரங்கட்டாமல் உடனே ஒரு பதில் அனுப்பலாம். செயலி செய்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஜோஹோ நிறுவனம் தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் இருந்தே மென்பொருள் செய்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சலும் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருக்கிறது. கூகுளுக்கு முன்பே அவர்கள் இதைச் செய்து காட்டலாம்: கிளவுட் கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனே, அனுப்பும் பொத்தானுக்கு வெகு முன்னால், ‘இந்தக் கோப்பு பெறுபவரிடமே இருக்க வேண்டுமா, பார்த்தால் மட்டும் போதுமா?’ என்று தமிழில், பெரிய எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி சரியான இடத்தில் வந்தால், மேலே சொன்ன குறைகளில் பாதி தீரும்.