'ஸேட்': துயரத்துக்கு முன் இருந்த திடம்

ஆங்கிலத்தில் வருத்தத்தைச் சொல்லும் 'ஸேட்' என்ற பெயரடைக்கு ஆதிப்பொருள் 'வயிறு நிறைந்த' என்பதாம். ஆகவே தெவிட்டல்தான் துயரத்தின் வேராம். இப்படியொரு கருத்து இப்போது தத்துவம்போல உலவுகிறது. முன்பாதி உண்மை. பழைய ஆங்கிலத்தில் அது நிறைவையும் சலிப்பையும் குறித்தது. ஜெர்மன் மொழியின் 'ஸாட்' இன்றும் பசியாறியவரைத்தான் சுட்டுகிறது. லத்தீனில் 'போதும்' என்று பொருள்படும் 'ஸாடிஸ்' இதற்கு உறவு. பின்பாதிதான் பிழை. நிறைவிலிருந்து துயரத்துக்கு இச்சொல் ஒரே எட்டில் தாவிவிடவில்லை. இடையே சில நூற்றாண்டுகள் வேறொரு வாழ்வு வாழ்ந்தது. அதன் பொற்காலமே அதுதான்.

நிறைந்தது கனக்கும், கனமானது எளிதில் அசையாது. இந்த வழியில்தான் இச்சொல் உறுதி, முதிர்ச்சி, நம்பகம் ஆகிய பொருள்களுக்கு வந்து சேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே சோகப் பொருளும் உடன் இருந்தது என்றாலும், ஆங்கிலக் கவிஞர் சாஸர் தன் கதைநாயகி கிரிசெல்டாவுக்கு இந்த அடைமொழியைத் தந்தது அவள் அழுததற்காக அல்ல. பெற்ற பிள்ளைகளைக் கணவன் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டபோதும் நிலைகுலையாமல் நின்றாளே, அந்த உறுதிக்காக. இன்றைய பொருளில் வாசித்தால் அவள் வெறும் கண்ணீர்ப் பெண்ணாகச் சுருங்கிவிடுவாள்.

இரண்டு பொருளும் மோதிக்கொள்ளும் அழகை ஷேக்ஸ்பியரிடம் பார்க்கலாம். 'ரோமியோ ஜூலியட்'டின் முதல் காட்சியில், "விளையாட்டை விடு, நிஜமாகச் சொல், யாரைக் காதலிக்கிறாய்?" என்ற கருத்தில் பென்வோலியோ கேட்கிறான். அந்த 'நிஜமாக' என்பதற்கு அவன் ஆளும் சொல் 'ஸேட்னஸ்'. ரோமியோ வேண்டுமென்றே அதைச் சோகமாக எடுத்துக்கொண்டு, முனகிக்கொண்டா சொல்ல வேண்டும் என்று திருப்புகிறான். காதல் நோய் பிடித்தவன் காதில் எல்லாச் சொல்லும் துயரமாகவே விழும் என்பதை ஒற்றைச் சிலேடையில் காட்டிவிடுகிறார். 1667இல் கவிஞர் மில்டன் தன் காவியத்தில் இச்சொல்லை இன்னும் இறுக்கமாகக் கையாள்கிறார். ஓடிவிட்டதாக நினைத்த எதிரிப்படை திரும்பி வருகிறது என்று தேவதூதன் ஸோஃபியல் எச்சரிக்கும் இடத்தில், எதிரியின் முகத்தில் தெரியும் தீர்மானத்துக்கு இதே அடைமொழி. போருக்கு வருகிறவன் முகத்தில் சோகம் ஏன் என்று இன்றைய வாசகர் திகைப்பார். அங்கே இருப்பது அசையாத முடிவு.

ஜான்சன் 1755 அகராதியில் இதன் பிறப்பு தெரியவில்லை என்று எழுதிவிட்டு, பாரத்தால் தொய்வதைக் குறிக்கும் 'ஸாக்' என்ற வினையோடு முடிச்சுப்போட்டுப் பார்த்தார். ஊகம் தவறு, ஆனால் சொல்லுக்குள் இருந்த பாரத்தை அவர் காது பிடித்திருந்தது.

இலக்கியம் கைவிட்ட பிறகும் அந்தப் பாரத்தைக் காப்பாற்றியவை வீடுகள். உள்ளே கங்கு போட இடமில்லாமல், அடுப்பில் வைத்துச் சூடேற்றும் கெட்டி இரும்பு இஸ்திரிப் பெட்டிக்கு 'ஸேட் அயர்ன்' என்றே பெயர். மேரி ஃபுளாரன்ஸ் பாட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1871இல் அதற்குக் கழற்றி மாட்டும் கைப்பிடி அமைத்துக் காப்புரிமை பெற்றார். வட இங்கிலாந்தின் வட்டார வழக்கில், உப்பாமல் கனத்துப்போன ரொட்டியையும் இச்சொல்லால் குறித்தார்கள். அந்த ரொட்டிக்கு என்ன சோகம்?

இந்த வரலாற்றைச் சரியாக எடைபோட்டவர் சி.எஸ். லூயிஸ். 1960இல் வெளிவந்த தன் சொல்லாய்வு நூலில் இதை, 'கனமான' என்று பொருள்படும் லத்தீனின் 'கிராவிஸ்' என்ற சொல்லோடு இணைவைத்து ஆராய்ந்தார். அவர் தந்த எச்சரிக்கை முக்கியமானது: பழைய வரியில் இன்றைய பொருளும் ஓரளவு பொருந்திவிடுகிற இடமே ஆபத்தானது, ஏனென்றால் தவறாக வாசிக்கிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. வேர்ச்சொல்லை மட்டும் தோண்டி எடுத்துத் தத்துவம் சொல்பவர்கள் இந்த உழைப்பைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழின் 'கனம்' எடையையும் சொல்லும், 'கனம் பொருந்திய' என்று மதிப்பையும் சொல்லும், 'மனம் கனத்தது' என்று துயரத்தையும் சொல்லும். இன்றைய ஆங்கிலச் சொல் இழந்துவிட்ட அகலம் இது. கிரிசெல்டாவையும் மில்டனின் படையையும் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் 'சோகம்' என்று எழுதும் முன் 'கனம்' என்ற சொல்லருகே சற்று நிற்க வேண்டும்.